மூக்கு சர்ஜரி ரிசல்ட் பிடிக்கவில்லை: ரிவிஷன் இப்போதே போகலாமா?

11 பிப்ரவரி 2024, சேலத்திலிருந்து ஒரு வாசகி

நவம்பர்ல ரைனோபிளாஸ்டி பண்ணினேன். மூக்குத் தண்டுல இருந்த மேட்டை எடுத்து, நுனியைக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன். மூக்கு மேல கட்டியிருந்த ஸ்ப்ளிண்ட்டை எடுத்த அன்னைக்கே மனசு விட்டுப்போச்சு. நுனி தடிச்சு உருண்டையா இருக்கு, சிரிச்சா மேலுதடு இழுக்குது. வீட்ல "நல்லாத்தானே இருக்கு, நீதானே ஆசைப்பட்டு பண்ணிக்கிட்ட"ன்னு முடிச்சிடறாங்க. வேற ஒரு டாக்டரைப் பார்த்தேன், அடுத்த மாசமே ரிவிஷன், அதாவது மறு சர்ஜரி, பண்ணிடலாம்கிறார். கடன் வாங்கித்தான் கட்டணும். போகலாமா? இதைத் தாண்டி வந்தவங்க யாராவது சொல்லுங்க.

11 பிப்ரவரி, இரவு

அடுத்த மாதம் போகாதீங்க. கடன் வாங்கிக் கண்டிப்பாகப் போகாதீங்க. எனக்கும் இதே சர்ஜரி, 2021 ஆகஸ்டில், சென்னையில். எனக்கும் ரிசல்ட் பிடிக்கவில்லை. நானும் ரிவிஷன் யோசனையில்தான் இருக்கிறேன், அதனால் "போகவே கூடாது" என்று சொல்லும் ஆள் இல்லை நான். மூன்று மாத மூக்கை வைத்து நல்லது கெட்டது எதுவும் சொல்ல முடியாது, அவ்வளவுதான். விவரம் நாளைக்கு.

12 பிப்ரவரி

கண்ணைச் சுற்றிய நீலமும் கன்ன வீக்கமும் இரண்டு மூன்று வாரத்தில் வடிந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் தங்கும் வீக்கம் வேறு. அது மேலிருந்து கீழாக இறங்கும். தண்டு முதலில் தெளியும், நுனி கடைசியில். ஓபன் முறையில், அதாவது இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கும் தூணில் சின்னதாக வெட்டித் தோலைத் தூக்கிச் செய்திருந்தால், நுனி இன்னும் நாள் எடுக்கும். காலையில் வீங்கியும் மாலையில் வடிந்தும் இருக்கும். உப்பு தூக்கலாகச் சாப்பிட்ட மறுநாள் நன்றாகவே தெரியும்.

பொதுவாக ஒரு வருடக் கணக்கு சொல்வார்கள். நம் பக்கத்து மூக்குகளில் நிறையப் பேருக்கு நுனித் தோல் தடிமன், எண்ணெய்ச் சுரப்பிகளும் அதிகம். அப்படிப்பட்ட தோலுக்கு ஒன்றரை வருடம், இரண்டு வருடம்கூட ஆகும். உள்ளே சர்ஜன் எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருந்தாலும், கனமான கம்பளிக்கு அடியில் வைத்த பொருள் மாதிரி அதன் ஓரங்கள் வெளியே தெரியாது.

இந்தக் காலத்தில் உள்ளே தழும்பு இறுகிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் மறுபடி திறந்தால் எது தோல், எது தழும்பு என்று பிரிப்பதே பெரும்பாடு. ரத்த ஓட்டமும் முழுதாகத் திரும்பியிருக்காது. அதனால்தான் பெரும்பாலான சர்ஜன்கள் ரிவிஷனுக்கு குறைந்தது 12 மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள். மூன்றாம் மாதத்திலேயே "வாங்க பண்ணிடலாம்" என்றவரிடம், ஏன் இந்த அவசரம் என்று நேராகக் கேளுங்கள்.

மேலுதடு இழுப்பதும் நுனி மரத்துப்போவதும் பெரும்பாலும் சில மாதங்களில் தானே தளரும். பயப்பட வேண்டாம்.

12 பிப்ரவரி, இன்னொன்று

காத்திருக்கவே கூடாத நேரங்களும் உண்டு, விட்டுவிட்டேன். சீழ் வைத்தால், காய்ச்சலோடு மூக்கு சிவந்து வலித்தால், சர்ஜரியான புதிதில் நடுச்சுவரில் ரத்தம் கட்டி இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டால், உள்ளே தாங்கலுக்கு வைத்த கிராஃப்ட் (குருத்தெலும்புத் துண்டு) தோலைத் துருத்திக்கொண்டு வந்தால், மாதக் கணக்கு பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

16 பிப்ரவரி

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீங்க.

அப்பா வீட்டு மூக்கு எனக்கு. தண்டின் நடுவில் மேடு, பக்கவாட்டில் நன்றாகத் தெரியும். பள்ளிக்கூட குரூப் போட்டோவிலிருந்தே கேமராவுக்கு நேராகத்தான் நிற்பேன். பேங்க் வேலைக்கு வந்து கையில் காசு சேர்ந்ததும் போனேன். யாரும் தூண்டவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. ஆபீஸில் சைனஸ் ஆபரேஷன் என்று சொல்லி லீவு போட்டேன். நம்மில் பாதிப்பேர் சொல்வது அதைத்தான்.

மேடு போயிற்று. அது இருந்த இடத்தில் தண்டு லேசாகப் பள்ளம் தட்டியது. நுனிக்குச் சற்று மேலே சதை திரண்டு நின்றது. நுனி பார்ப்பதற்குக் கீழே அழுந்திவிட்டது. சர்ஜன்கள் இதைப் பாலிபீக் என்பார்கள். அதோடு வலது பக்கம் மூச்சு சரியாக ஏறுவதில்லை, படுத்தால் இன்னும் மோசம்.

செய்த டாக்டரிடமே போய்ச் சொன்னேன். "டெக்னிக்கலா நல்லா வந்திருக்கும்மா, மேடு போகணும்னுதானே கேட்டீங்க" என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வெளியே வந்து லிஃப்டுக்கு நின்றபோது எனக்குக் கால் நடுங்கியது. ஊருக்குப் போனபோது அத்தை என் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கண்ணன் மூக்கு உனக்கு பாரமாப் போச்சா?" என்று கேட்டது. டாக்டர் சொன்னது ஆறிவிட்டது, அத்தை கேட்டது இன்னும் ஆறவில்லை.

2 மார்ச்

சேலம் தங்கை தனியாக எழுதியதைப் படித்தேன். பெயர் எதுவும் இல்லாமல் இங்கே பதில் போடுகிறேன், இன்னும் சிலருக்கும் உதவும்.

"நீதானே ஆசைப்பட்டு பண்ணிக்கிட்ட." இந்த வார்த்தைதான் நம் எல்லோரையும் ஊமையாக்குகிறது. விபத்தில் மூக்கு உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தால் ஊரே உச்சுக்கொட்டும். நாமே பணம் கட்டி, நாமே கையெழுத்துப் போட்டுப் படுத்ததால், வருத்தப்படக்கூட உரிமை இல்லை என்கிறார்கள். நாமும் அதை நம்பிவிடுகிறோம். பிறகு கண்ணாடியை வெறுத்து, கல்யாண வீடுகளைத் தவிர்த்து, ராத்திரி பாத்ரூமில் தண்ணியைத் திறந்துவிட்டு அழுகிறோம்.

ஆசைப்பட்டு எடுத்த முடிவு என்பதும் உண்மை, அது நினைத்தபடி வரவில்லை என்ற துக்கமும் உண்மை. ஒன்று இருப்பதால் மற்றது பொய்யாகிவிடாது. பிறந்ததிலிருந்து பார்த்த முகம் ஒரே காலையில் மாறிப்போனால், ரிசல்ட் நன்றாக வந்தவர்களுக்கே கொஞ்ச நாள் யாரோ மாதிரி இருக்கும். பிடிக்காமல் போனவர்களுக்குக் கேட்க வேண்டுமா?

நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான். இந்தத் துக்கத்தை ரிவிஷன் ஆற்றும் என்று நினைத்து ரிவிஷனுக்குப் போகாதீங்க. முதலில் ஒரு ஆளிடமாவது முழுதாகச் சொல்லி அழுங்கள். "நல்லாத்தான் இருக்கு" என்று வாயை அடைக்காத ஒரு ஆள் போதும். எனக்கு அது என் தம்பி மனைவி. இரண்டு மணி நேரம் கேட்டாள், ஒரு யோசனையும் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம், கோபப்படாமல் கேளுங்கம்மா. ஒரு நாளில் எவ்வளவு நேரம் மூக்கைப் பற்றியே நினைப்பு ஓடுகிறது? தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, வேலைக்குப் போக முடியவில்லை, வெளியே தலை காட்டவில்லை என்றால், சர்ஜனைப் பார்க்கும் முன் ஒரு மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும். உருவத்தைப் பற்றிய எண்ணமே நோயாகப் பிடித்துக்கொள்ளும் நிலை ஒன்று உண்டு. அந்த நிலையில் எத்தனை சர்ஜரி செய்தாலும் திருப்தி வராது என்பதால், நல்ல சர்ஜன்கள் முதல் சர்ஜரிக்கு முன்பே இதைக் கேட்டுப் பார்ப்பார்கள். தூக்கம் போய், வாழ வேண்டாம் என்கிற நினைப்பு எட்டிப்பார்த்தால் காத்திருக்காமல் 14416-க்கு அடியுங்கள். டெலிமானஸ், மத்திய அரசின் இலவச எண், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

9 மார்ச்

போனின் முன் கேமராவை வைத்து மூக்கை அளப்பதை நிறுத்துங்கள். இது சமாதானத்துக்குச் சொல்வது இல்லை. 2018-ல் அமெரிக்க டாக்டர்கள் கணக்குப் போட்டு வெளியிட்டார்கள்: 12 அங்குல தூரத்தில் எடுத்த செல்ஃபியில், ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தோடு பார்க்கும்போது மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது. கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்குதான், அதனால் அதுதான் ஊதித் தெரியும்.

ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் மாதம் ஒரு தடவை, அதே சுவர், அதே ஜன்னல் வெளிச்சம், ஐந்தடி தள்ளி இன்னொருவர் எடுக்கட்டும். நேர், இரண்டு பக்கவாட்டு, முக்கால் திருப்பம், கீழிருந்து ஒன்று. டாக்டரிடம் காட்டவும் இவைதான் உதவும்.

10 மார்ச்

"போட்டோவே வேண்டாம், அதுவே நோயாகும்" என்று மதுரைத் தம்பி எழுதியிருக்கிறார். ராத்திரி முழுக்க யோசித்தேன், அவர் சொல்வதில் பாதி சரி. எடுத்த படம் போனில் இருந்தால் கை தானாகப் போகும். அதனால் எடுப்பவர் போனிலேயே இருக்கட்டும். என் படங்கள் இப்போது தம்பி மனைவியிடம் இருக்கின்றன. நான் கேட்டால் "மாசக் கடைசில பார்க்கலாம் அண்ணி" என்கிறாள்.

21 ஏப்ரல்

ஃபில்லர் பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. சர்ஜரி இல்லாமல் பள்ளத்தை ஊசியில் நிரப்பிவிடலாமே என்று.

ஏற்கனவே ஆபரேஷன் ஆன மூக்கில் ஃபில்லர் விளையாட்டு இல்லை. தழும்பால் உள்ளே ரத்தக் குழாய்கள் இடம் மாறியும் குறுகியும் இருக்கும். ஜெல் குழாய்க்குள் போய் அடைத்தால் தோல் கருகும். மூக்குத் தண்டின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை, பார்வை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஹயலுரானிக் அமில ஜெல்லைக் கரைக்க மருந்து உண்டு, ஆனால் அடைப்பு என்றால் அதை உடனே போட்டாக வேண்டும். இந்த ஆபத்து தெரிந்த, கரைக்கும் மருந்தைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் டாக்டரிடம் தவிர வேறு எங்கும் இதற்கு உட்காரக்கூடாது. பார்லரில் போடுகிறார்கள் என்று எழுதிய தோழி, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், போகாதீங்க.

நுனிக்கு மேல் திரண்டதற்கு ஸ்டீராய்டு ஊசி தனி விஷயம். தழும்பு புதிதாக இருக்கும் மாதங்களில் சில சர்ஜன்கள் குறைந்த அளவில் டிரையம்சினலோன் போடுவார்கள். அளவு கூடினால் தோல் மெலிந்து குழி விழும். சேலம் தங்கைக்கு அந்தக் கட்டம் இன்னும் தாண்டவில்லை, செய்த டாக்டரிடமே கேட்டுப் பாருங்கள். ராத்திரி மைக்ரோபோர் டேப் ஒட்டும் முறையையும் கேளுங்கள், தடித்த தோலுக்கு அதைச் சொல்பவர்கள் உண்டு.

18 மே

எல்லோரும் செய்ய வேண்டிய ஒரு வேலை: ஆஸ்பத்திரியில் உங்கள் ஆபரேஷன் நோட்டைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளில் இருக்கிறது: நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று வருடம் அவற்றை வைத்திருக்க வேண்டும். எனக்கு ஆகஸ்டோடு மூன்று வருடம் முடிகிறது, அதனால்தான் இந்த வாரம் லீவு போட்டுப் போனேன். கவுண்டரில் முதலில் சம்மரி நகலையே நீட்டினார்கள். எழுத்தில் கொடுத்ததும் நோட் வந்தது.

ஒன்றரைப் பக்கம். படித்தபோது எனக்குப் பல விஷயம் விளங்கியது. மேட்டை எடுத்திருக்கிறார்கள், இருபக்க எலும்பையும் வெட்டி உள்ளே தள்ளியிருக்கிறார்கள், நடுச்சுவரிலிருந்து குருத்தெலும்பு எடுத்து நுனியைத் தாங்க ஒரு ஸ்ட்ரட் வைத்திருக்கிறார்கள். ஸ்ப்ரெடர் கிராஃப்ட் வைத்ததாக எங்குமே இல்லை.

அது ஏன் முக்கியம் என்றால், மேடு என்பது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டி இல்லை. நடுச்சுவரும் இரண்டு பக்கக் குருத்தெலும்பும் சேரும் கூரை அது. கூரையை எடுத்தால் பக்கச் சுவர்கள் உள்ளே சரிய வாய்ப்புண்டு, மூச்சு போகும் மிகக் குறுகலான வழியும் அங்கேதான் இருக்கிறது. அதைத் தாங்க நடுச்சுவரின் பக்கவாட்டில் குருத்தெலும்புப் பட்டை வைப்பார்கள், அதுதான் ஸ்ப்ரெடர் கிராஃப்ட். எல்லா மூக்குக்கும் அது தேவை என்று இல்லை. என் மூக்குக்குத் தேவைப்பட்டிருக்கலாம்.

19 மே

"கேஸ் போடுங்கள்" என்பவர்களுக்கு. 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. புகாருக்கு இரண்டு வருடக் கெடு. ஆனால் ரிசல்ட் பிடிக்கவில்லை என்பது வேறு, கவனக்குறைவு என்பது வேறு. கவனக்குறைவு என்று நினைப்பவர்கள் வக்கீலிடம் போங்கள். என்னுடையது அப்படி என்று எனக்குத் தோன்றவில்லை.

8 ஜூன்

"இதெல்லாம் மேல்நாட்டு மோகம், கடவுள் கொடுத்த மூக்கு போதாதா" என்று ஒரு ஐயா எழுதியிருக்கிறார். வயதில் மூத்தவர், மரியாதையோடு பதில் சொல்கிறேன்.

மூக்கை வெட்டிச் சீராக்கும் வித்தை இந்த மண்ணிலிருந்து அங்கே போனது. சுசுருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. 1794-ல் லண்டனில் வந்த ஜென்டில்மேன்ஸ் மேகசினில் ஒரு கடிதம் அச்சானது. ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் சிக்கி, மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டார். ஏறத்தாழ ஒரு வருடம் மூக்கில்லாமல் இருந்தார். பிறகு புனே பக்கத்தில் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை மடித்திறக்கி அவருக்குப் புது மூக்கு வைத்தார். அதைப் படித்த கார்ப்யூ என்ற சர்ஜன் 1814-ல் லண்டனில் அதே முறையில் செய்து, 1816-ல் புத்தகமாகப் போட்டார். இன்றைக்கும் புற்றுநோயில் மூக்கு இழந்தவர்களுக்கு நெற்றித் தோலைத்தான் இறக்குகிறார்கள்.

கவாஸ்ஜிக்கு நேர்ந்ததும் எங்களுக்கு நேர்ந்ததும் ஒன்றில்லை, தெரியும் ஐயா. ஆனால் மூக்கை அறுப்பதை மானத்தை அறுக்கும் தண்டனையாக வைத்திருந்த நாடு இது. அந்த நாட்டில் மூக்குக்காக ஒரு பெண் வருத்தப்பட்டால் அதை மோகம் என்று தள்ளாதீங்க.

14 ஜூலை

மூக்குத்தி பற்றிக் கேட்ட தோழிக்கு. சர்ஜரிக்கு முன் கழற்றச் சொன்னார்கள், ஸ்ப்ளிண்ட், டேப், வீக்கம் என்று நாள் போய் என் துளை தூர்ந்துவிட்டது. இந்த ஆனியில் மறுபடி குத்திக்கொள்ளலாம் என்று எங்கள் தெரு நகைப்பட்டறைக்குப் போனேன். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பேனாவால் வலது மடலில் ஒரு புள்ளி வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். அழித்தார். அரை நெல் தூரம் கீழே வைத்தார். மறுபடி அழித்தார். "ரெண்டு மடலும் ஒரே ஒசரம் இல்லம்மா, அதான் பார்க்கிறேன்" என்றார்.

எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. அவர் பதறிப்போய், "யாருக்குமே ஒண்ணா இருக்காதும்மா. நாப்பது வருஷமா குத்துறேன், ரெண்டு பக்கமும் சரியா ஒத்துப்போற மூக்கை நான் பார்த்ததே இல்ல" என்றார். சர்ஜரி ஆனது அவருக்குத் தெரியாது. பழைய போட்டோக்களை வீட்டுக்கு வந்து பார்த்தால், சர்ஜரிக்கு முன்பே வலது மடல் கொஞ்சம் ஏறித்தான் இருந்திருக்கிறது. அதையும் சேர்த்து சர்ஜரியின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

குத்திக்கொள்ளவில்லை. ரிவிஷன் முடிவானால் மறுபடி கழற்ற வேண்டும், அது முடியட்டும்.

24 ஆகஸ்ட்

இரண்டாவது கருத்து கேட்கப் போனேன். ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஒரு ஈஎன்டி சர்ஜன், இருவருமே ரிவிஷன் மூக்குகள் செய்பவர்கள். எம்சிஹெச் பட்டமா எம்எஸ் பட்டமா என்று சண்டை போடுவதைவிட, அவர்கள் செய்த ரிவிஷன்களின் ஒரு வருடத்துக்குப் பிந்தைய படங்களைக் காட்டச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் உங்கள் முகத்தை இழுத்துக் காட்டும் படம் வாக்குறுதி இல்லை.

ஈஎன்டி டாக்டர் என் வலது கன்னத்தில் விரலை வைத்து லேசாக வெளிப்பக்கம் இழுத்தார். "இப்ப மூச்சு விடுங்க." காற்று சர்ரென்று ஏறியது. மூன்று வருடத்தில் அந்தப் பக்கம் அப்படி ஏறியதே இல்லை. விரலை எடுத்தார், அடைத்தது. பிறகு பஞ்சுக்குச்சி போன்ற ஒன்றை உள்ளே விட்டுப் பக்கச் சுவரை மட்டும் தாங்கிப் பிடித்தார், மறுபடி திறந்தது. இதற்கு காட்டில் (Cottle) சோதனை என்று பெயர். கன்னத்தை இழுத்தால் நிறையப் பேருக்குக் கொஞ்சம் திறக்கத்தான் செய்யும், அதனால் குச்சியால் பார்ப்பதுதான் நம்பகமானது என்றார்.

ஐந்து கேள்வி உள்ள நோஸ் என்ற படிவத்தையும் நிரப்பச் சொன்னார். மூக்கு கனப்பு, அடைப்பு, மூச்சுவிடச் சிரமம், தூக்கச் சிரமம், ஓடியாடும்போது காற்றுப் போதாமை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, கூட்டி ஐந்தால் பெருக்கினால் 100-க்கு இவ்வளவு என்று வரும். எண் கூடக் கூட அடைப்பு மோசம். எனக்கு 65. இத்தனை நாள் மூச்சை ஓரமாக வைத்துவிட்டு வடிவத்தைப் பற்றியே மாய்ந்து மாய்ந்து எழுதியிருக்கிறேன் இங்கே. அந்தத் தாளைப் பார்த்த பிறகு யோசனையின் வரிசையே மாறிவிட்டது.

7 செப்டம்பர்

ரிவிஷனில் வைக்கும் கிராஃப்டுக்குக் குருத்து காதிலிருந்தா, விலாவிலிருந்தா என்று கேட்கிறீர்கள். முதல் சர்ஜரியில் நடுச்சுவரில் எடுத்துவிட்டால் அங்கே மிச்சம் குறைவு. காதுக் குருத்து வளைவானது, மென்மையானது, நுனிக்கும் மடலுக்கும் நன்றாக உதவும், நேராக நின்று தாங்க வேண்டிய இடத்துக்குச் சுமார்தான். விலாக் குருத்து பலமானது, வேண்டிய அளவு கிடைக்கும். பெண்களுக்கு மார்புக்குக் கீழே மடிப்பில் வெட்டுவார்கள். சில நாள் இருமினால் வலிக்கும், நுரையீரல் உறையில் ஓட்டை விழுவது அபூர்வம். வைத்த துண்டு நாளடைவில் வளையலாம். வயது ஏற ஏற விலாக் குருத்தே கெட்டிப்பட்டுவிடும். மூக்குக்காக விலாவா என்று எனக்கும் வயிற்றைக் கலக்கியது. பிளாஸ்டிக் சர்ஜன் விலா என்றார். ஈஎன்டி சர்ஜன், நடுச்சுவரில் இன்னும் கொஞ்சம் இருப்பது கைக்குத் தட்டுப்படுகிறது, திறந்து பார்த்து அது போதாவிட்டால் காது, அதுவும் போதாவிட்டால்தான் விலா என்றார். மூன்றுக்கும் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்.

20 அக்டோபர்

சேலம் தங்கையின் செய்தி பார்த்தேன். நுனி வடிந்து கோடு தெரிய ஆரம்பித்துவிட்டதாம், உதடு சரியாகிவிட்டதாம், இடது பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன அழுத்தம் இன்னும் இருக்கிறதாம். "இன்னும் முழுசா பிடிக்கலைக்கா, ஆனா கண்ணாடியைப் பார்த்து அழறதில்ல" என்று எழுதியிருக்கிறாள். கவுன்சலிங்கும் போய்க்கொண்டிருக்கிறாள். கடன் வாங்கவில்லை. எனக்கு இன்றைக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

17 நவம்பர்

முடிவு எடுத்துவிட்டேன். போகிறேன்.

மூச்சுக்காக. ஸ்ப்ரெடர் கிராஃப்ட் வைத்து வழியைத் திறப்பது, அதே வெட்டில் நுனிக்கு மேல் இருக்கும் தழும்பைக் குறைத்துத் தண்டின் பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்புவது. அதற்கு மேல் எதையும் தொட வேண்டாம் என்று எழுதியே கொடுத்திருக்கிறேன். இதில் ஒரு விலை இருக்கிறது. ஸ்ப்ரெடர் வைத்தால் தண்டின் நடுப்பகுதி கொஞ்சம் அகலமாகும். ஒல்லியான தண்டு வேண்டும் என்றுதான் முதலில் போனேன், அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துத்தான் மூச்சு வாங்க வேண்டும். ஒரு மாதம் யோசித்தேன். சம்மதம்.

மூன்றாவது தடவை கிடையாது என்று தம்பி மனைவிக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் தழும்பு கூடும், கையிருப்புக் குருத்து குறையும், தோல் பலவீனமாகும். ரிவிஷனுக்கும் ரிவிஷன் என்று போனவர்களின் கதையைக் காத்திருப்பு அறையிலேயே கேட்டேன்.

பணம் பற்றிக் கேட்டவருக்கு: மெடிக்ளெய்மில் அழகுக்கான சர்ஜரி பொதுவாகவே விலக்கு. மருத்துவத் தேவை என்று டாக்டர் எழுதித் தரும் பகுதிக்கு முன் அனுமதி கேட்கலாம், கேட்டிருக்கிறேன். அழகு சர்ஜரி என்று பில் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும், பிறவிக் குறை, காயம் போன்றவற்றால் கெட்டதைச் சீராக்குவதற்கு அது இல்லை. பில் எப்படிப் பிரித்து வரும் என்று முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

29 டிசம்பர்

பொங்கல் கழிந்த மறுவாரம் தேதி. முன் அனுமதி வந்துவிட்டது, மூச்சு சம்பந்தப்பட்ட பகுதிக்கு மட்டும்.

லீவு லெட்டரில் இந்தத் தடவை மூக்கு ரிவிஷன் சர்ஜரி என்றே எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு, "முன்னாடி பண்ணினது சரியா வரலையா மேடம்?" என்று கேட்டார். "வரலை சார், மூச்சு அடைக்குது, எனக்கு வடிவமும் பிடிக்கலை" என்றேன். "பார்த்துப் பண்ணிக்குங்க" என்று கையெழுத்துப் போட்டார். அத்தையிடமும் போனில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு எந்த ஆஸ்பத்திரி, கூட யார் இருப்பார்கள், நான் வரட்டுமா என்று கேட்டது. வரச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி இருப்பவர்கள் பொங்கலுக்குள் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் மூக்கில் கண்ணாடி வைக்கக் கூடாதாம், கண்ணாடி இல்லாமல் எனக்கு போன் எழுத்து தெரியாது. அதுவரை சந்தேகங்களுக்குச் சேலம் தங்கை பதில் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.